வேலை இல்லை என்று கடிதம் வந்த பிறகு

(நவராத்திரி விழாவையொட்டி ஆலய மண்டபத்தில் இளையர்களுக்கும் பெற்றோருக்கும் நடத்தப்பட்ட வழிகாட்டி நிகழ்ச்சியில், ஆலய நிர்வாகக் குழு உறுப்பினரான ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நேர்முகத் தேர்வுக்கு எப்படி ஆயத்தமாவது, என்ன உடுத்திச் செல்வது, கேள்விகளுக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதையெல்லாம் எனக்கு முன் பேசியவர்கள் அழகாக விளக்கினார்கள். எனக்குத் தரப்பட்ட தலைப்பு அதற்கு அடுத்த கட்டம். ஒரு வேலைக்குப் பத்துப் பேர் நேர்முகத் தேர்வுக்குச் சென்றால் ஒருவருக்குத்தான் அந்த வேலை கிடைக்கும். மீதமுள்ள ஒன்பது பேருக்கு யாரும் வகுப்பு நடத்துவதில்லை. அந்த ஒன்பது பேருக்காகத்தான் இன்று நான் பேச வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி இருக்கும். என் பழைய மாணவி ஒருத்தியின் தாயார் தொலைபேசியில் அழைத்தார். "சார், இவ சாப்பிடல. ஏதோ கடிதம் எழுதிக்கிட்டே அழுவுறா. நீங்க கொஞ்சம் பேசுங்க சார்" என்றார். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணக்கியல் படித்து முடித்த பெண். ஒரு நிறுவனத்தில் இரண்டு சுற்று நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள். இரண்டாவது சுற்றில் மேலாளர் இவளிடம் சிரித்துப் பேசி, எப்போது வேலையில் சேர முடியும் என்றுகூடக் கேட்டிருக்கிறார். மூன்று வாரம் கழித்து மூன்று வரியில் மின்னஞ்சல் வந்தது. 'வருந்துகிறோம், வேறொருவரைத் தேர்ந்தெடுத்துள்ளோம்' என்பதுதான் அதன் சாரம்.

அவள் எழுதி வைத்திருந்த பதிலை எனக்குப் படித்துக் காட்டினாள். நீண்ட கடிதம். அதில் பொய் எதுவும் இல்லை. ஏன் மூன்று வாரம் காக்க வைத்தீர்கள், ஏன் சேரும் நாளைக் கேட்டு ஆசை காட்டினீர்கள், என்னைவிடத் தகுதியானவர் யார் என்று கேட்டிருந்தாள். கேள்விகள் நியாயமானவைதான். ஆனாலும், "இன்றிரவு இதை அனுப்பாதே அம்மா. நாளை காலை கோப்பிக் கடைக்கு வா, பேசலாம்" என்றேன்.

அப்படிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருந்தது. இந்த மண்டபத்தில் நான் இதுவரை சொல்லாத செய்தி அது.

நான் அனுப்பிய கடிதம்

அது 1985ஆம் ஆண்டு. சிங்கப்பூர் சுதந்திரம் பெற்ற பிறகு நம் பொருளாதாரம் முதன்முறையாகச் சுருங்கிய ஆண்டு. மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த காலத்தில் நான் வேலை தேடிக்கொண்டிருந்தேன். என் தந்தையார் துறைமுகத்தில் கிடங்குத் தொழிலாளி. அவருடைய நண்பர் ஒருவர் கப்பல் நிறுவனம் ஒன்றில் கடிதங்களைக் கொண்டு சேர்க்கும் வேலையில் இருந்தார். நான் அவரை மாமா என்றுதான் அழைப்பேன். அவர்தான் மேலதிகாரியிடம் சொல்லி எனக்கு நேர்முகத் தேர்வுக்கு வழி செய்தார்.

மூன்று பேர் அமர்ந்து கேள்வி கேட்டார்கள். நன்றாகச் செய்துவிட்டேன் என்று நினைத்து வீடு திரும்பினேன். பத்து நாளில் இல்லை என்று கடிதம் வந்தது. எனக்கு வந்த கோபத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். கேள்வி கேட்டவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை என்றும், யாருக்கு வேலை என்பதை முன்னமே முடிவு செய்துவிட்டு எங்களை நாடகத்துக்கு அழைத்தார்கள் என்றும் எழுதினேன். அதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அன்று மாலையே அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டு, வென்றவனைப் போல வீட்டுக்கு நடந்தேன்.

இரண்டு வாரம் கழித்து மாமா வீட்டுக்கு வந்தார். தேநீர் குடித்தார். அப்பாவுடன் ஊர்ச் செய்தி பேசினார். புறப்படும்போது வாசலில் என்னிடம் மட்டும், "உன் கடிதத்தை மேசை மேல் வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள், தம்பி" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த அலுவலகத்தில் அவர் பல ஆண்டுகள் தலை நிமிர்ந்து வேலை செய்தவர். எனக்காக ஒரு நாள் தலை குனிந்து நின்றிருக்கிறார். அதன் பிறகு அவர் யாருக்கும் அங்கே பரிந்துரை சொன்னதில்லை என்று அப்பா சொல்லக் கேட்டேன். எனக்குப் பின்னால் வந்த எத்தனை பிள்ளைகளுக்கு அந்தக் கதவு மூடியதோ, அறியேன்.

கடிதத்தில் என் பெயரை மட்டும்தான் எழுதினேன். ஆனால் அது போய்ச் சேர்ந்த இடத்தில், எனக்காகப் பேசியவரின் பெயரும் அதனுடன் சேர்ந்துகொண்டது. இளைஞர்களே, இதை மறந்துவிடாதீர்கள்.

துரோணரும் துருவனும்

நம் இதிகாச புராணங்களிலும் கேட்டுக் கிடைக்காதவர்கள் உண்டு. வறுமையில் வாடிய துரோணர், இளமையில் தம்முடன் பயின்ற துருபத மன்னனிடம் உதவி நாடிச் சென்றார். சமமானவர்களுக்குள்தான் நட்பு என்று சொல்லி மன்னன் அவரை அவமதித்தான். துரோணர் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அத்தினாபுரத்தில் அரசகுமாரர்களுக்கு ஆசிரியரானார். பெரும்புகழ் வந்தது. அப்போதும் அந்தப் புண் ஆறவில்லை. குருதட்சிணையாகத் துருபதனைப் பிடித்து வரச் சொன்னார். அர்ச்சுனன் பிடித்து வந்தான். பாதி நாட்டைத் துரோணர் எடுத்துக்கொண்டார். துருபதன் அதற்கு வஞ்சினம் கொண்டு வேள்வி செய்தான். அதில் தோன்றிய திருஷ்டத்யும்னன் கையால்தான் பாரதப் போரின் பதினைந்தாம் நாளில் துரோணர் மாண்டார். நானும் ஆசிரியனாக இருந்தவன். அத்தனை கற்ற ஓர் ஆசிரியர் ஓர் அவமதிப்பை மறக்க இயலாமல் போனதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

துருவன் கதை வேறு. ஐந்து வயதுப் பிள்ளை. தந்தையின் மடியில் அமர ஆசைப்பட்டான். சிற்றன்னை சுருசி தள்ளிவிட்டாள். அழுதுகொண்டு தாய் சுநீதியிடம் ஓடினான். அவள் சுருசியைப் பழித்துப் பேசவில்லை. பிறருக்குத் தீங்கு நினைக்காதே, நாராயணனை நாடு என்றாள். பிள்ளை தவத்துக்குப் புறப்பட்டான். இன்றும் நாம் துருவ நட்சத்திரத்தோடு சேர்த்து அந்தக் கதையைச் சொல்கிறோம்.

இருவருக்கும் வலித்தது. வலித்ததில் தவறு இல்லை. அந்த வலியை எந்தத் திசையில் கொண்டு போனார்கள் என்பதில்தான் வேறுபாடு. துருவனுக்கு அருகில் சுநீதி இருந்தாள் என்பதையும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்.

எப்படி முடிவு செய்வது?

இனி நடைமுறைக்கு வருவோம். மறுநாள் காலை கோப்பிக் கடையில் அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, ஓர் இரவு கழியட்டும். அக்காலத்தில் கோபம் வந்தால் தாள் எடுத்து, உறை வாங்கி, தபால்தலை ஒட்டி, அஞ்சல் பெட்டி வரை நடக்க வேண்டும். நான் அவ்வளவு தூரம் நடந்தும் திருந்தவில்லை. இன்று விரல் நுனியில் ஒரு தட்டுதான். ஆகவே எழுத வேண்டும் போலிருந்தால் எழுதுங்கள், ஆனால் பெறுநர் முகவரியைப் போடாமல் எழுதுங்கள். காலையில் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது, வந்த கடிதத்தை மீண்டும் படியுங்கள். விண்ணப்பித்த எல்லாருக்கும் ஒரே வடிவில் போகும் கடிதமா? அப்படியானால் பதில் எழுதாவிட்டாலும் குறையில்லை. அடுத்த விண்ணப்பத்தைப் பார்க்கலாம். உங்களை நேரில் சந்தித்துப் பேசியவர் எழுதியதா, தொலைபேசியில் அழைத்துச் சொன்னாரா? அப்படியானால் அவர் உங்களுக்காக நேரம் ஒதுக்கியிருக்கிறார். அவருக்கு ஒரு பதில் எழுதுவது முறை. வேறு வாய்ப்பு வந்தால் அழைக்கிறோம் என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் வழக்கமான வாசகம்தான். அதை நம்பி மற்ற முயற்சிகளை நிறுத்திவிடக் கூடாது. ஆனாலும் அந்தக் கதவை நாமே இழுத்துச் சாத்த வேண்டியதில்லை.

மூன்றாவது, உங்கள் பதிலால் என்ன நடக்க வேண்டும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடிவை மாற்றிவிடலாம் என்று எண்ணினால், அது நடவாது. அநேகமாக இன்னொருவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருப்பார். அவர்கள் மனம் நோக வேண்டும் என்று எண்ணினால், நோகப்போவது யார் என்பதை என் மாமா கதையில் கேட்டீர்கள். ஒரு நல்ல எண்ணத்தை விட்டு வர வேண்டும், முடிந்தால் ஒரு குறிப்பைப் பெற வேண்டும் என்று எண்ணினால், எழுதுங்கள்.

அப்படி எழுதும் கடிதத்துக்கு நான்கு வாக்கியம் போதும். நான் தமிழில் சொல்கிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 'முடிவைத் தெரிவித்தமைக்கும் என்னைச் சந்திக்க நேரம் ஒதுக்கியமைக்கும் நன்றி. வேலை கிடைக்காதது வருத்தமே என்றாலும் உங்கள் முடிவை மதிக்கிறேன். இனி வரும் முயற்சிகளுக்கு நான் எந்தப் பக்கத்தில் என்னை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஓரிரு வரி சொன்னால் உதவியாக இருக்கும். பொருத்தமான வேறு பணி வரும்போது என்னை நினைவிற்கொள்ளுங்கள்.' அவ்வளவே. கெஞ்சல் வேண்டாம். குடும்பக் கஷ்டம் வேண்டாம். தேர்வானவர் யார் என்ற கேள்வியும் வேண்டாம்.

'ஏன் என்னை எடுக்கவில்லை' என்று கேட்பதற்கும் 'நான் எதை வளர்த்துக்கொள்ள வேண்டும்' என்று கேட்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதல் கேள்வி அவர்களைக் கூண்டில் நிறுத்துகிறது. இரண்டாவது கேள்வி அவர்களை ஆசிரியர் இடத்தில் அமர்த்துகிறது. நாற்காலியில் அமர்த்தினால்தான் யாரும் பாடம் சொல்வார்கள்.

அப்படிக் கேட்டும் பதில் வராமல் போகலாம். காரணம் சொன்னால் அது சிக்கலாகிவிடுமோ என்று பல நிறுவனங்கள் தயங்கும். நேரமின்மையும் உண்டு. அந்தப் பெண் நான்கு வாக்கியம் எழுதி அனுப்பினாள். பதில் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. ஆனால் அன்று பிற்பகலே வீட்டில் அமர்ந்து, இரண்டாம் சுற்றில் கேட்ட கேள்விகளையெல்லாம் நினைவிலிருந்து ஒரு நோட்டில் எழுதினாள். பொருள் சேவை வரி பற்றிய இரண்டு கேள்விகளுக்குத் தான் சொன்ன பதில் சுற்றி வளைத்திருந்தது என்று அவளே கண்டுகொண்டாள். நிறுவனம் சொல்லாததை நோட்டு சொன்னது. இன்னும் ஏழு இடங்களுக்கு விண்ணப்பித்து, நான்கு மாதம் கழித்து வேறோர் இடத்தில் சேர்ந்தாள். முதலில் கேட்டதைவிடச் சம்பளம் சற்றுக் குறைவுதான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அநியாயம் நடந்திருந்தால்?

இங்கே ஓர் இளைஞர் கை தூக்க நினைப்பது எனக்குத் தெரிகிறது. 'சார், என் இனத்தைப் பார்த்து ஒதுக்கினால், தேவையில்லாத வேலைக்கும் மாண்டரின் கேட்டு ஒதுக்கினால், அதற்கும் நன்றிக் கடிதமா எழுதுவது?' என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. பொறுமை வேறு, அநியாயத்துக்கு அடங்கிப் போவது வேறு.

நியாயமான, முற்போக்கான வேலை நியமன நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணி 2006ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் இயங்கி வருகிறது. புகாரை அங்கே தெரிவிக்கலாம். 2025 ஜனவரியில் நம் நாடாளுமன்றம் வேலையிட நியாயத்தைக் காக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. வயது, பாலினம், இனம், சமயம், மொழித்திறன், கர்ப்பம், உடற்குறை போன்றவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதற்கு எதிராகப் பாதுகாப்பு அளிப்பது அதன் நோக்கம். 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு நிறுவனங்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் விலக்கு உண்டு என்பதையும் அறிந்து வைத்திருங்கள். வேலைக்கு உண்மையாகவே தேவைப்படும் மொழியைக் கேட்பது பாகுபாடு ஆகாது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

அத்தகைய ஐயம் வந்தால் விளம்பரத்தைப் பத்திரப்படுத்துங்கள். கேட்ட கேள்வி, கேட்டவர், நாள், நேரம் ஆகியவற்றை அன்றே குறித்து வையுங்கள். உரிய இடத்தில் அமைதியாகச் சொல்லுங்கள். கோபக் கடிதம் இதற்கும் உதவாது. 1985இல் நான் எழுதியது ஐயத்தை உண்மையாக்கிக் கொட்டிய கடிதம். ஒருவேளை அங்கே அநியாயமே நடந்திருந்தாலும், என் கடிதத்தைப் படித்த எவரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

தாய்மார்களே, தந்தைமார்களே, பிள்ளைக்கு வேலை இல்லை என்று கடிதம் வந்த அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பேச்சை எடுக்காதீர்கள். நிறுவனத்துக்கு நீங்கள் தொலைபேசி எடுத்துக் கேட்காதீர்கள். அன்று சோறு போட்டு, தூங்கவிட்டால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேர்முகத் தேர்வுக்கு முன்னால் பிள்ளையின் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்கிறீர்கள். பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொள்கிறீர்கள். கிடைக்காவிட்டால் சிலர் ஆறு மாதம் கோயில் பக்கமே வருவதில்லை. கடவுளுக்கும் ஒரு கோபக் கடிதம் எழுதிவிடுகிறோம். வேலை கிடைத்தவனுக்கு மட்டுமா இந்தச் சந்நிதி? கிடைக்காதவன் வந்து அமைதியாகச் சற்று நேரம் உட்காருவதற்கும் தானே மண்டபம் கட்டி வைத்திருக்கிறோம்.

நாம் செய்த தவறு

முடிப்பதற்கு முன், நிர்வாகக் குழுவின் சார்பில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். தலைவரிடம் அனுமதி பெற்றே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆலய அலுவலகத்துக்கு எழுத்தர் ஒருவரைத் தேடினோம். ஐந்து பேரை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தோம். நானும் கேள்வி கேட்கும் மேசையில் இருந்தேன். திருவள்ளுவர், ஆளை ஆராய்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரமும், தெளிந்தபின் வேலையில் அமர்த்துவதற்கு ஓர் அதிகாரமும் வைத்திருக்கிறார். வகுப்பில் பல முறை நடத்தியவன் நான். அந்த மேசையில் அமர்ந்தபோதுதான் அது எவ்வளவு கடினம் என்று தெரிந்தது. இருவர் சமமாக இருந்தார்கள். அரை மதிப்பெண்ணில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். வேறொரு நாளில் கேட்டிருந்தால் மற்றவர் வந்திருப்பார். ஆகவே இளைஞர்களே, உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால் நீங்கள் தகுதியற்றவர் என்று பொருளல்ல. அரை மதிப்பெண்ணுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள்.

தேர்வானவர் மூன்றாவது வாரத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். இரண்டாவதாக இருந்த பெண்மணியை அழைக்க முடிவு செய்தோம். அழைக்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவருக்கு நாங்கள் முடிவைக்கூடத் தெரிவிக்கவில்லை. அவரே விசாரித்துத் தெரிந்துகொண்டு, சந்தித்ததற்கு நன்றி என்று சிறு கடிதம் ஒன்றை அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார். அது கோப்பில் இருந்தது. அந்தக் கடிதத்துக்காக அவருக்கு வேலை கொடுக்கவில்லை, தகுதிக்காகத்தான் கொடுத்தோம். ஆனால் தொலைபேசியை எடுக்கும் துணிவை எங்களுக்கு அந்தக் கடிதம்தான் கொடுத்தது.

மற்ற மூவர்? அவர்களுக்கும் நாங்கள் ஒரு வரி எழுதவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அன்னதானக் கூடத்தில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னை அழைத்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "சார், என் பையன் இங்க இன்டர்வியூவுக்கு வந்தானே, இன்னும் முடிவு பண்ணலையா? அவன் வேற எங்கயும் போடாம காத்துக்கிட்டு இருக்கான்." எனக்கு நாக்கு எழவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் போதித்தவன், கோயில் பெயரால் ஒரு பிள்ளையை இரண்டு மாதம் காக்க வைத்திருக்கிறேன். 1985இல் எனக்காவது பத்து நாளில் கடிதம் வந்தது. நான் திட்டி எழுதிய அந்த நிறுவனம் எனக்குக் காட்டிய மரியாதையை, அந்தப் பையனுக்கு நான் காட்டவில்லை.

அன்று மாலை அந்த இளைஞனை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றான். பரவாயில்லை என்று அவன் முகம் சொல்லவில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். ஆலயத்தில் எந்த வேலைக்கு நேர்முகத் தேர்வு நடந்தாலும், வந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரத்துக்குள் பெயர் குறிப்பிட்டுக் கடிதம் போக வேண்டும். விரும்பிக் கேட்டால் குழு உறுப்பினர் ஒருவர் பேசி விளக்க வேண்டும். அன்றிலிருந்து அது நடந்து வருகிறது.

இந்த அவையில் தொழில் நடத்தும் கொடையாளர்கள் பலர் இருக்கிறீர்கள். கோயிலுக்கு நீங்கள் கொடுப்பது பெரிது. அத்துடன் ஒரு சிறு கொடையும் கேட்கிறேன். உங்கள் அலுவலகத்துக்கு வந்து வேலை கிடைக்காமல் திரும்பும் பிள்ளைக்கு ஒரு கடிதம், முடிந்தால் ஒரு நல்ல குறிப்பு கொடுங்கள். அதற்கு ரசீது தர மாட்டோம். ஆனால் ஒரு வீட்டில் அன்றிரவு ஒரு பிள்ளை சாப்பிட்டுவிட்டுத் தூங்கும்.

இளைஞர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றே. அந்தக் கடிதம் வரும் நாளில் ஓர் இரவு பொறுத்திருங்கள். காலையில் நான்கு வாக்கியம் எழுதுங்கள். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த விண்ணப்பத்துக்கு உட்காருங்கள். பேச ஆள் வேண்டுமென்றால், வெள்ளிக்கிழமைகளில் பூசை முடிந்ததும் நான் அன்னதானக் கூடத்தில்தான் இருப்பேன்.

அம்பாள் அருளால் அனைவருக்கும் நல்ல வேலையும் நல்ல மனமும் அமைய வேண்டும் என்று வேண்டி விடைபெறுகிறேன்.